ஒரே பெயர், ஐந்து இன்ஜின்: ஸ்விஃப்ட் பற்றி வாசகர் கேள்விகள்

மாருதி சுசுகியின் ஸ்விஃப்ட் காரில் பழையது வாங்குவது, வைத்திருப்பதைப் பராமரிப்பது, புதியதற்கு மாறுவது என்று வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். விற்பவர்கள் ‘ஓல்டு மாடல்’, ‘நியூ மாடல்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் எத்தனை மாடல்? எப்படி அடையாளம் காண்பது?
– விருதுநகர் வாசகர்

உடல் நான்கு, இன்ஜின் ஐந்து. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

2005 மே மாதம் இந்தியாவுக்கு வந்தது முதல் உடல். நீளம் 3695 மி.மீ. கூரை மட்டமாக, கண்ணாடிகள் ஒரே பட்டையாக முகத்தைச் சுற்றி வருவது போல இருக்கும். உள்ளே 1298 சிசி, 87 பிஎஸ் (குதிரைத்திறன்) ஜி13பிபி பெட்ரோல் இன்ஜின். இது முதலாவது. 2007-இல் ஃபியட்டின் மல்டிஜெட் தொழில்நுட்பத்தில் 1248 சிசி டீசல் சேர்ந்தது: 75 பிஎஸ், 190 என்எம் டார்க் (சுழற்றும் விசை). இது இரண்டாவது. 2010-இல் உடலை மாற்றாமலேயே பெட்ரோல் இன்ஜினை மட்டும் மாற்றி 1197 சிசி கே12எம் வைத்தார்கள். இது மூன்றாவது. ஆக, 2009 வண்டியும் 2010 வண்டியும் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே மாதிரிதான் தெரியும். பானட்டைத் திறந்தால்தான் வேறு.

2011 ஆகஸ்டில் இரண்டாவது உடல். நீளம் 3850 மி.மீ., வீல்பேஸ் 2430. ஹெட்லேம்ப் பின்னோக்கி இழுத்துவிட்டது போல நீண்டிருக்கும். இன்ஜின்கள் அதே கே12எம், அதே டீசல். 2014-இல் முன்பம்பரை மாற்றி, மைலேஜைக் கூட்டினார்கள்.

2018 பிப்ரவரியில் மூன்றாவது உடல். பின்கதவின் கைப்பிடி கதவில் இல்லாமல் கண்ணாடிக்குப் பின்னால், தூணோடு ஒளிந்திருந்தால் அது இந்தத் தலைமுறை. ‘ஹார்ட்டெக்ட்’ என்ற இலகுவான அடித்தளம் வந்ததால் பெட்ரோல் வண்டி 900 கிலோவுக்குக் கீழே இறங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் நின்றுபோனது. 2021 பிப்ரவரியில் இதே உடலில் 90 பிஎஸ் கே12என் ட்யூவல்ஜெட் இன்ஜின் வந்தது, இது நான்காவது.

2024 மே மாதம் நான்காவது உடல், ஐந்தாவது இன்ஜின்: இசட்12இ. சிசி அதே 1197. ஆனால் சிலிண்டர் மூன்றுதான். பின்கதவுக் கைப்பிடி கதவுக்கே திரும்பிவிட்டது.

வாங்கப் போகும்போது ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம், சிசி இரண்டையும் முதலில் பாருங்கள். 1298, 1248 என்றால் குழப்பமே இல்லை. 1197 என்றால் மூன்று இன்ஜின்களில் எதுவாகவும் இருக்கலாம். தயாரிப்பு மாதத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எங்கள் கருத்து: உடலைப் பார்த்து ஆசைப்படுங்கள், இன்ஜினைப் பார்த்து விலை பேசுங்கள்.

நன்றாக இருந்த 1.3 பெட்ரோலை எதற்காக 1.2 ஆக்கினார்கள்?
– ஓமலூர் வாசகர்

வரிதான் முக்கியக் காரணம். 2006-07 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. சிறிய கார் என்பதற்கு வரையறை: நீளம் 4000 மி.மீ.க்கு மிகாமல், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்கும் டீசல் என்றால் 1500 சிசிக்கும் மிகாமல் இருக்க வேண்டும். ஸ்விஃப்டின் 1248 சிசி டீசல் இதற்குள் வந்தது. 1298 சிசி பெட்ரோல் 98 சிசியில் வெளியே நின்றது. 2010 ஏப்ரலில் பெருநகரங்களில் பி.எஸ்.4 கட்டாயமானபோது, இரண்டு தேவைக்கும் ஒரே விடையாக 1197 சிசி இன்ஜின் வந்தது. சக்தி 87-இலிருந்து 85 பிஎஸ் ஆனது. டார்க் ஏறக்குறைய அதே 113 என்எம்.

பராமரிப்பில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைத்துச் சுழற்ற பழைய 1.3 பெட்ரோலில் இருப்பது டைமிங் பெல்ட். கே12-இல் டைமிங் செயின். 2005–2010 பெட்ரோல் வண்டி வாங்குகிறவர் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று பில்லோடு கேட்க வேண்டும். பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். ரப்பர் பெல்ட் கிலோமீட்டரால் மட்டுமல்ல, வயதாலும் வெடிக்கும். குறைவாக ஓடிய வண்டி என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. பெல்ட்டோடு டென்ஷனரையும், கேம், கிராங்க் முன் ஆயில் சீல்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பழைய சீல் கசிந்தால் புது பெல்ட்டில் ஆயில் பட்டு அதுவும் கெடும். கூலி இரண்டு முறை.

என்னிடம் 2013 டீசல் ஸ்விஃப்ட். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி ‘சலசல’ என்று ஒரு சத்தம், பிறகு நின்றுவிடுகிறது. மெக்கானிக் ‘டீசல்னா அப்படித்தான்’ என்கிறார். விட்டுவிடலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

விடாதீர்கள். டீசலின் ‘டக டக’ வேறு, நீங்கள் சொல்லும் சத்தம் வேறு. குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் சங்கிலி உரசுவது போல வந்து, ஆயில் பிரஷர் ஏறியதும் அடங்கினால், சந்தேகப்பட வேண்டியது டைமிங் செயினையும் அதன் டென்ஷனரையும்தான்.

இந்த இன்ஜினில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரால் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் வரும் வரை டென்ஷனர் தளர்வாக இருக்கும். செயின் நீண்டிருந்தால் அந்தச் சில நொடியில் கைடுகளில் அடித்துக்கொள்ளும். செயின் ஏன் நீள்கிறது என்றால், பெரும்பாலும் ஆயில்தான் காரணம். இதில் ஊற்றுவதே சுமார் 3 லிட்டர். அதில் முக்கால் லிட்டர் குறைந்தால் கால் பங்கு போய்விட்டது என்று பொருள். மீதி ஆயில் சீக்கிரம் சூடாகி, கரி கலந்து, செயினின் ஒவ்வொரு பின்னையும் அரம் போலத் தேய்க்கிறது. 10,000 கி.மீ.யில் மாற்ற வேண்டிய ஆயிலை 15,000, 18,000 வரை இழுத்த வண்டிகளில்தான் இந்தக் குறை முதலில் தலைகாட்டும்.

முதலில் செய்ய வேண்டியது: சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். குறைவாகவோ, கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாமலோ இருந்தால், கையேட்டில் உள்ள தரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஃபில்டர் காகித எலிமென்ட் வகை. மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். அதன்பின் நாலைந்து நாள் காலைச் சத்தத்தைக் கவனியுங்கள். குறைந்துவிட்டால் நல்லது. அப்படியே இருந்தால் செயின் வேலைக்குத் தயாராக வேண்டியதுதான். இன்ஜின் சூடான பிறகும் சத்தம் வந்தால், அல்லது கேம், கிராங்க் ஒத்திசைவுக் கோளாறு என்று ஸ்கேனர் காட்டினால், ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதன்பின் இன்ஜின் ஹெட் வேலை.

செயினை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். செயின், டென்ஷனர், இரண்டு கைடுகள், பல்சக்கரங்கள் எல்லாம் ஒரே கிட்டாக மாற வேண்டும். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் செயின் சீக்கிரம் தேயும். முன்கவரைக் கழற்ற ஆயில் சம்ப்பையும் இறக்க வேண்டியிருக்கும். சம்ப்பை இறக்கும்போது அடியிலுள்ள வண்டலையும், ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடையையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வேலை செய்கிறவரிடம் கேம், கிராங்க் இரண்டையும் பூட்டிப் பிடிக்கும் டைமிங் டூல் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயின்ட் மார்க் வைத்து ஒப்பேற்றும் இடத்தில் கொடுக்க வேண்டாம். இன்னொன்று: கிராங்க் புல்லி போல்ட் இந்த இன்ஜினில் எதிர்த் திருகு. பழக்கமில்லாதவர் வழக்கமான பக்கம் திருப்பி இறுக்கிக்கொண்டே போய் போல்ட்டை முறித்துவிடுவார்.

இந்த டீசலில் மற்றபடி பார்க்க வேண்டியவை: புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி சேர்ந்தால் இழுவை குறையும், கரும்புகை வரும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததற்கான விளக்கு எரிந்தால் அன்றே வடித்துவிட வேண்டும். தண்ணீர் இன்ஜெக்டர் வரை போனால் செலவு பல மடங்கு. கிளட்ச் விஷயம் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. 2000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டர்போ பிடிக்காது என்பதால், நெரிசலில் பலர் கிளட்ச்சை அரைகுறையாக மிதித்தே நகர்த்துவார்கள். ஊருக்குள்ளேயே ஓடிய டீசல் ஸ்விஃப்டில் கிளட்ச் சீக்கிரம் போவது அதனால்தான்.

டீசல் கார் 10 வருடம்தான் ஓடலாம் என்கிறார்களே? டெல்லியிலிருந்து வரும் டீசல் ஸ்விஃப்ட் இங்கே மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?
– ராணிப்பேட்டை வாசகர்

10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது. தமிழ்நாட்டில் பொதுவான நடைமுறை: சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டு பதிவு, அது முடிந்ததும் வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பசுமை வரியும் உண்டு. முதல் உடல் ஸ்விஃப்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டன. வாங்குமுன் ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். புதுப்பிக்காத வண்டி என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

டெல்லி வண்டி மலிவு என்பது விற்கும் விலையில் மட்டும். அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) வேண்டும், இங்கே மறுபதிவும் வரியும் கட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டியின் விலைக்கு அருகில் வந்துவிடும். என்.ஓ.சி. கைக்கு வராமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

2016 பெட்ரோல் ஸ்விஃப்ட். பழைய வண்டிக்கு கெட்டியான ஆயில்தான் நல்லது என்று 20டபிள்யூ50 ஊற்றிவிட்டார்கள். பரவாயில்லையா?
– கும்பகோணம் வாசகர்

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கே12 இன்ஜினில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வி.வி.டி. அமைப்பு ஆயில் பிரஷரில் ஓடுகிறது. அதன் வழிகள் மெல்லியவை. கெட்டி ஆயில் காலை ஸ்டார்ட்டில் மேலே போய்ச் சேர நேரம் எடுக்கும்; வி.வி.டி. மந்தமாகும், மைலேஜும் குறையும். ஆயில் குறைகிறது என்பதற்காகக் கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால், அது நோயை மறைப்பது. எங்கே குறைகிறது என்று பாருங்கள்: வால்வு கவர் கேஸ்கெட் கசிவா, வால்வு சீல் போய் காலையில் நீலப்புகை வருகிறதா என்று கண்டுபிடித்து அதைச் சரிசெய்யுங்கள். இப்போதே வடித்துவிட்டு, கையேட்டுத் தரத்தில் புது ஃபில்டரோடு ஊற்றுங்கள். கே12-க்கும் சுமார் 3 லிட்டர்தான் பிடிக்கும்.

இப்போது கிடைப்பதெல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். என் 2012 ஸ்விஃப்ட் தாங்குமா?
– திருச்சி வாசகர்

2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் குழாய்களும் சீல்களும் இந்தப் பெட்ரோலுக்கு ஏற்றவை. 2012 வண்டி அதற்கு முந்தையது. ஊற்றிய உடனே இன்ஜின் கெட்டுவிடாது. மெதுவாக நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் மைலேஜ். எத்தனாலின் ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலைவிட சுமார் 6 முதல் 7 சதவீதம் சக்தி குறையும். ஏற்கெனவே 10 சதவீதக் கலப்பில் ஓடிய வண்டிக்கு மேற்கொண்டு குறைவது 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு மேல் பெரிதாக விழுந்தால் பழியைப் பெட்ரோலில் போடாமல் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், டயர் காற்று நான்கையும் பாருங்கள்.

அடுத்து ரப்பர். வருடம் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி, டாங்கிலிருந்து இன்ஜின் வரை உள்ள ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள். விறைத்துப்போய் வெடிப்பு விட்டதோ, ஊறி மெத்தென்று உப்பியதோ மாற்றப்பட வேண்டும். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள் மலிவானவை. பெட்ரோல் வாடை வந்தால் அவற்றை முதலில் சந்தேகியுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் டாங்கை அரைகுறையாக வைக்க வேண்டாம். பழைய டாங்கின் அழுக்கையும் அது கரைத்துக் கிளப்பும். பம்ப்பின் சல்லடை அடைத்துக்கொண்டால், மேட்டில் ஏறும்போது வண்டி திக்கித் திக்கிப் போகும்.

ஏஎம்டி ஸ்விஃப்ட் மேட்டில் பின்னால் உருள்கிறது. ஆட்டோமேட்டிக்கில் இப்படி ஆகலாமா?
– குன்னூர் வாசகர்

ஏஎம்டி என்பது முழு ஆட்டோமேட்டிக் அல்ல. 2018 ஸ்விஃப்டிலிருந்து வருவது அதே ஐந்து கியர் பெட்டி, அதே உலர் கிளட்ச். உங்கள் கால், கைக்குப் பதிலாக ஒரு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் அழுத்துகிறது, மாற்றுகிறது. எனவே மேனுவல் வண்டிக்குள்ள விதிகள் எல்லாம் இதற்கும் உண்டு. மேட்டில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் அரைப்பிடியில் எரியும். பிரேக்கில் நிறுத்துங்கள், செங்குத்தான இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டி முன்னே இழுக்கும்போது விடுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னலில் நியூட்ரலுக்குப் போங்கள். மலைப்பாதையில் ஏறும்போது மேனுவல் முறையில் கியரை நீங்களே பிடித்துக்கொண்டால், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே அது தடுமாறுவது நிற்கும்.

கிளட்ச் பிளேட் மாற்றியபின் ஸ்கேன் டூல் வைத்துப் புதிய பிளேட்டின் பிடிப்புப் புள்ளியைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வெளியே அனுப்பிய வண்டிகள்தான் ‘மாற்றியும் குலுக்குகிறது’ என்று திரும்பி வருகின்றன.

14 அங்குல இரும்பு வீலை எடுத்துவிட்டு 15 அங்குல அலாய் போட ஆசை. எந்த டயர் அளவு சரி?
– நாகர்கோவில் வாசகர்

கீழ் வேரியன்ட்டில் வரும் 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் கணக்குப்படி 620 மி.மீ. மேல் வேரியன்ட்டில் நிறுவனமே தரும் 185/65 ஆர்15-இன் விட்டம் 621.5 மி.மீ. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அதைப் போடுங்கள். அழகாக இருக்கிறதென்று 195/55 ஆர்15 போடுகிறார்கள். அதன் விட்டம் 595.5 மி.மீ. வண்டி 12 மி.மீ. தாழும், ஸ்பீடோமீட்டர் சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும், பள்ளத்தில் ரிம் அடி வாங்கும். 163 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள மூன்றாம் உடலில் அந்த 12 மி.மீ. வேகத்தடையில் தெரியும்.

ரிம் வாங்கும்போது நான்கு நட், 100 மி.மீ. பி.சி.டி. (நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை 54.1 மி.மீ. என்று கேளுங்கள். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போட வேண்டும். அது இல்லாமல் நட்டில் மட்டும் தொங்கும் வீல், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங்கை ஆட்டும்.

ஸ்டீயரிங் திருப்பும்போதும், சின்னப் பள்ளத்திலும் ‘கடக் கடக்’ சத்தம். (2012 மாடல்)
– அரியலூர் வாசகி

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்: ஸ்டெபிலைசர் லிங்க் ராட், பிறகு லோயர் ஆர்ம் புஷ், பிறகு ஸ்ட்ரட் மேல் மவுன்ட். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே வந்தால் மவுன்ட் பேரிங் அல்லது ஸ்டீயரிங் காலமின் இடைத்தண்டு. ஸ்டீயரிங் ராக்கை மாற்றச் சொன்னால், இவை மூன்றையும் பார்த்தபிறகுதான் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பில் ஸ்விஃப்டுக்கு எத்தனை நட்சத்திரம்? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.
– மதுரை வாசகி

எல்லோரும் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எந்த வண்டி, எந்த ஆண்டுத் தேர்வு என்பதில்தான் வேறுபாடு. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014-இல் ஏர்பேக் இல்லாத இரண்டாம் உடலைச் சோதித்தபோது பூஜ்யம். 2018-இல் இரண்டு ஏர்பேக் உள்ள மூன்றாம் உடலுக்கு இரண்டு நட்சத்திரம். தேர்வு விதிகள் கடுமையாக்கப்பட்ட பின், 2022-இல் அதே உடலுக்கு ஒன்று. வண்டி மோசமாகவில்லை, கேள்வித்தாள் கடினமானது. ஆனால் மூன்று முறையும் உடற்கூடு நிலையற்றது என்றே மதிப்பிடப்பட்டது. இதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் நன்மை இல்லை.

2024 நான்காம் உடலில் ஆறு ஏர்பேக்கும், வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யும், ஐந்து இருக்கைக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டும் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. அதே ஆண்டு வந்த, ஸ்விஃப்டின் செடான் உறவான புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதைக் காட்டி ஸ்விஃப்ட் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வண்டி வாங்கிய மதிப்பெண் இன்னொன்றுக்குச் சேராது.

பழையது வாங்குகிறீர்கள் என்றால், முதல் இரண்டு உடலிலும் ஏர்பேக், ஏபிஎஸ் உள்ள மேல் வேரியன்ட்டையே தேடுங்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விபத்துக்குப் பிறகு பல்பைப் பிடுங்கியிருக்கலாம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

புது ஸ்விஃப்டின் மூன்று சிலிண்டர் இன்ஜின் அதிர்கிறது என்கிறார்களே? கே12என் கிடைத்தால் அதையே வாங்கலாமா?
– ஈரோடு வாசகர்

நான்கு சிலிண்டரில் கிராங்க் அரைச்சுற்று, அதாவது 180 டிகிரி சுழலும்போதெல்லாம் ஒரு வெடிப்பு. மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒன்று. இடைவெளி கூடும்போது ஐடிலில் அதிர்வு தெரியத்தான் செய்யும். வேகம் எடுத்தபின் பெரிய குறையாகத் தோன்றாது. எண்ணில் பார்த்தால் 90 பிஎஸ் என்பது 82 ஆகிவிட்டது. டார்க் 113-இலிருந்து 112. இறங்கியது உச்சி வேகத்துச் சக்தி. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. ஐந்து பேரும் சாமானும் ஏற்றி, நாற்கரச் சாலையில் லாரியைத் தாண்டும்போது தெரியும். பதிலுக்கு மைலேஜ் கூடியிருக்கிறது: நிறுவனக் கணக்கில் மேனுவலுக்கு 23.2 கி.மீ. என்பது 24.8.

எங்கள் பரிந்துரை: நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம், ஓட்டும் சுகம் வேண்டும் என்றால் 2021–2024 கே12என் நல்ல தேர்வு, ஸ்விஃப்ட் பெயரில் இந்தியாவுக்கு வந்த பெட்ரோல் இன்ஜின்களிலேயே எங்களுக்குப் பிடித்தது அதுதான். பின்னிருக்கையில் குழந்தைகள் தினமும் வருவார்கள் என்றால், அதிர்வைப் பொறுத்துக்கொண்டு ஆறு ஏர்பேக் உள்ளதையே வாங்குங்கள்.

டாங்க் ஏன் 42 லிட்டரிலிருந்து 37 ஆனது? ஏமாற்றுவதுபோல் இருக்கிறது.
– தஞ்சாவூர் வாசகர்

நிறுவனம் சொல்லும் மைலேஜையே எடுத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். 2011 பெட்ரோல்: 42 × 18.6 = 781 கி.மீ. 2018 பெட்ரோல்: 37 × 22 = 814 கி.மீ. 2024: 37 × 24.8 = 918 கி.மீ. சாலையில் மூன்றுமே குறைவாகத்தான் வரும். ஆனால் வரிசை மாறாது. 5 லிட்டர் குறைந்தால் கிட்டத்தட்ட 4 கிலோ எடை குறைகிறது.

இங்கு ஜப்பானில் இருந்து வந்த பாவித்த ஸ்விஃப்ட் வாங்க நினைக்கிறேன். இந்தியப் பாகங்கள் பொருந்துமா? ‘ஹைபிரிட்’ என்று விலை கூட்டிச் சொல்கிறார்கள்.
– யாழ்ப்பாணம் வாசகர்

பெயரை விட்டுவிட்டுச் சேசிஸ் எண்ணின் முன்பகுதியைப் பாருங்கள். இசட்சி72எஸ் என்றால் இரண்டாம் உடல், 1.2 பெட்ரோல், பெரும்பாலும் சி.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்). இசட்சி83எஸ் மூன்றாம் உடல் பெட்ரோல். இசட்சி53எஸ் மூன்றாம் உடல் ஹைபிரிட், பெரும்பாலும் மைல்டு ஹைபிரிட்.

இந்திய ஸ்விஃப்டில் சி.வி.டி. வந்ததே இல்லை. ஆகவே கியர் பெட்டிக்கு இந்திய ஸ்விஃப்டின் பாகம் எதுவும் உதவாது. உயரமும் வேறு: இரண்டாம் உடல் இந்தியாவில் 1530 மி.மீ., ஜப்பானில் 1510. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் வாங்கும்போது பாக எண்ணை ஒப்பிடாமல் போட்டால் முன்பக்கம் ஒரு மாதிரி, பின்பக்கம் ஒரு மாதிரி நிற்கும். ஃபில்டர், பிளக் போன்றவற்றையும் எண் பார்த்தே எடுங்கள்.

சி.வி.டி.யைச் சோதிக்க, குளிர்ந்த நிலையில் புறப்பட்டு, 20 முதல் 40 கி.மீ. வேகத்தில் மெதுவாக ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்கள். சிறு சிறு உதறல், அல்லது வேகத்தோடு ஏறும் ‘ஊஊ’ என்ற ஒலி இருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கியபின் சுசுகி சொல்லும் சி.வி.டி. எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் ஊற்றினால் உள்ளிருக்கும் உலோகப் பட்டை வழுக்கித் தேயும். உங்கள் ஊர் வெப்பத்துக்கு 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மைல்டு ஹைபிரிட் மின்சாரத்தில் மட்டும் ஓடாது. ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் பெல்ட்டால் சுழலும் ஐ.எஸ்.ஜி. மோட்டார் ஒன்று, முன்பயணி இருக்கைக்கு அடியில் ஒரு சிறிய லித்தியம் பேட்டரி. வேகம் குறைக்கும்போது மின்சாரம் சேமித்து, புறப்படும்போது கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவே. ஆகவே அந்தப் பெயருக்காகப் பெரிய விலை கொடுக்க வேண்டாம். வாங்குமுன் ஸ்கேனர் போட்டு லித்தியம் பேட்டரிக் கோளாறு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் நன்கு சூடான பிறகும் சிக்னலில் தானாக அணைந்து எழும் வசதி வேலை செய்யவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது லித்தியம் பேட்டரி, வழக்கமான பேட்டரி இரண்டையும்தான்.